நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே கம்பெனி எதற்கு?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



போன வகுப்பு முடிந்து கலையும்போது, ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொண்டார். “2025ல் அமெரிக்காவில் சர்க்கார் ஆபீசுகளை இழுத்து மூடினார்களே, அது ஏதோ வைத்தியச் செலவு சம்பந்தமான தகராறாமே? அவ்வளவு பணக்கார தேசத்தில் வைத்தியத்துக்கு என்ன பஞ்சம்?” என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அன்று பதில் சொல்ல முடியவில்லை. நல்ல கேள்வி. பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆனால் விஷயத்தின் வேரைத் தொட்டு எழுதியவை குறைவு. இன்று அதையே பேசுவோம்.

2025 அக்டோபர் 1ந் தேதி அமெரிக்க சர்க்காரின் பணப்பெட்டி பூட்டப்பட்டது. நவம்பர் 12ந் தேதிதான் திறந்தது. 43 நாட்கள்! அதற்கு முன் அந்த தேசத்தின் சரித்திரத்தில் இவ்வளவு நீண்ட காலம் மூடிக் கிடந்ததில்லை. லட்சக்கணக்கான சர்க்கார் ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். ஏழைகளுக்குக் கிடைத்துவந்த உணவு உதவி நவம்பரில் தடைப்பட்டது; அதை நம்பியிருந்தவர்கள் சுமார் 4 கோடிப் பேர்.

சண்டை எதைப் பற்றி? அங்கே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் இன்ஷூரன்ஸ் வேண்டும். பெரிய கம்பெனியில் வேலை செய்கிறவனுக்கு முதலாளி ஒரு பங்கு கட்டுவான். இவன் ஒரு பங்கு கட்டுவான். சிறு கடைக்காரன், சிறு விவசாயி, அன்றாடம் கிடைத்த வேலையைச் செய்கிறவன், இவர்களெல்லாம் சொந்தமாகக் கம்பெனியிடம் போய் வாங்க வேண்டும். இவர்களுக்கு சர்க்கார் ஒரு மானியம் கொடுத்துவந்தது. 2021ல் அந்த மானியத்தை உயர்த்தினார்கள். சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர் மானியம் பெற்று வந்தார்கள். உயர்த்திய பகுதிக்கு ஆயுள் 2025 டிசம்பர் 31 வரைதான் என்று சட்டத்தில் எழுதியிருந்தது. அதை நீட்டியே ஆக வேண்டும் என்றது டெமாக்ரடிக் கட்சி. முடியாது என்றது டிரம்பின் ரிபப்ளிகன் கட்சி. இதுதான் தகராறு. (அங்கே பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம்மூர்க் காங்கிரஸ் என்று நினைத்துவிட வேண்டாம்.)

கடைசியில் என்ன ஆயிற்று? டெமாக்ரடிக் கட்சி செனட்டர்கள் சிலர் அந்தப் பக்கம் சாய்ந்து ஓட்டுப் போட, பூட்டுத் திறந்தது. “டிசம்பரில் ஓட்டுக்கு விடுகிறோம்” என்று ஒரு வாக்குறுதி மட்டும் கிடைத்தது. ஓட்டுக்கு விட்டார்கள், 60 ஓட்டு வேண்டும், கிடைக்கவில்லை. வருஷம் முடிந்தது, உயர்த்திய மானியமும் முடிந்தது. வருஷத்துக்குச் சராசரி 888 டாலர் கட்டிவந்தவர் 1,904 டாலர் கட்ட வேண்டிவரும் என்று கே.எப்.எப். என்னும் ஆராய்ச்சி ஸ்தாபனம் முன்கூட்டியே கணக்குச் சொல்லியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மானியம் என்றதும் அந்தப் பணம் ஏழையின் கைக்குப் போகிறது என்று நினைப்போம். இல்லை. சர்க்கார் கஜானாவிலிருந்து அது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நேரே போகிறது. கம்பெனி கேட்கும் விலையில் சர்க்கார் எவ்வளவு கட்டுவது, ஜனங்கள் எவ்வளவு கட்டுவது என்பதற்குத்தான் 43 நாள் சண்டை. கம்பெனி எதற்கு என்று அந்தச் சண்டையில் இரண்டு கட்சித் தலைமைகளும் கேட்கவில்லை. பெர்னி சாண்டர்ஸ் போன்ற சிலர் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். அந்தக் குரல் சபையில் சிறுபான்மைதான்.

கம்பெனி என்ன செய்கிறது? 2024ல் வேலை மூலம் இன்ஷூரன்ஸ் பெற்ற ஒரு குடும்பத்துக்கு வருஷப் பிரீமியம் சராசரி 25,572 டாலர். அதில் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து நேரே போனது 6,296 டாலர். மீதியை முதலாளி கட்டுகிறான் என்பார்கள். அதுவும் யார் உழைப்பு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு கட்டிய பிறகும், வருஷ ஆரம்பத்தில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை கைப்பணத்தைப் போட்டுத்தான் வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் கம்பெனி வாய் திறக்கும். பெரிய பரிசோதனையா, கம்பெனியின் முன் அனுமதி வேண்டும். டாக்டர் “செய்” என்கிறார். எங்கோ ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவன் “வேண்டாம்” என்கிறான். 2023ல், சர்க்கார் நடத்தும் இன்ஷூரன்ஸ் சந்தையில் வியாபாரம் செய்த கம்பெனிகள், தங்கள் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த பில்களிலேயே 100க்கு 19ஐத் தள்ளுபடி செய்தன. தள்ளுபடியானதில் நூற்றுக்கு ஒன்றுகூட அப்பீலுக்குப் போகவில்லை. நோயாளி நோயோடு போராடுவானா, கம்பெனியோடு போராடுவானா?

மில் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2019 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மோட்டார் கார்க் கம்பெனியில் சுமார் 48,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாளே நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? அவர்களுடைய வைத்திய இன்ஷூரன்ஸுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது! சங்கத்தின் போராட்ட நிதியிலிருந்து சமாளிக்க வேண்டியதாயிற்று. ஊரெல்லாம் காறித் துப்பிய பிறகு, பத்து நாள் கழித்து நிர்வாகம் பின்வாங்கியது. வீட்டில் பிள்ளை காய்ச்சலோடு கிடக்கும்போது வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வேலையோடு வைத்தியத்தை முடிச்சுப் போட்டால் அந்த முடிச்சு முதலாளியின் கையில் இருக்கும்.

இந்த முடிச்சு விழுந்த கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942ல் அமெரிக்க சர்க்கார் கூலி உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய முதலாளிகள், கூலிக்குப் பதில் வைத்திய இன்ஷூரன்ஸ் தருவதாகச் சொல்லி ஆள் பிடித்தார்கள். யுத்தம் முடிந்தது, பழக்கம் நிலைத்தது. 1945 நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன், எல்லா ஜனங்களுக்கும் தேசிய இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று யோசனை சொன்னார். ட்ரூமன் நம்முடைய ஆள் அல்ல. ஜப்பானில் அணுகுண்டு போடச் சொன்ன அதே ட்ரூமன்தான். ஆனால் அவர் சொன்னதற்கே டாக்டர்கள் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு அங்கத்தினரிடமும் 25 டாலர் வசூலித்து, விளம்பரக் கம்பெனியை அமர்த்தி, “இது சோஷலிஸ்ட் வைத்தியம், நாளைக்குக் கம்யூனிஸம் வந்துவிடும்” என்று தேசமெங்கும் பூச்சாண்டி காட்டினார்கள். யோசனை புதைந்தது. 1961ல் அதே சங்கத்துக்காக ஒரு சினிமா நடிகர் கிராமபோன் ரிக்கார்டில் பேசி அதே பூச்சாண்டியைக் காட்டினார். அவர் பெயர் ரொனால்டு ரீகன். பிற்பாடு ஜனாதிபதியே ஆனார். பிறகு 1965ல், 65 வயது கடந்த கிழவர்களுக்கு சர்க்கார் இன்ஷூரன்ஸ் வந்தது. கம்யூனிஸம் வரவில்லை, கிழவர்களுக்கு வைத்தியம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் பிரிட்டனைப் பாருங்கள். அனெய்ரின் பெவன் என்று ஒருவர். வேல்ஸ் நாட்டில் டிரெடீகர் என்ற நிலக்கரி ஊரில் பிறந்து, 13 வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கியவர். அந்த ஊர்த் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒரு வைத்திய சங்கம் நடத்தினார்கள். டாக்டருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பெவன் 1945ல் மந்திரியானதும், “எங்கள் ஊரில் செய்ததைத் தேசம் முழுக்கச் செய்வோம்” என்ற முடிவோடு வேலையைத் தொடங்கினார். டாக்டர்கள் சங்கம் அங்கேயும் முண்டாசு கட்டியது. மனிதர் மசியவில்லை. 1948 ஜூலை 5ந் தேதி ஆஸ்பத்திரிகள் பொதுச் சொத்தாயின. வருகிறவனிடம் பணம் கேட்பதில்லை. வரிப்பணத்தில் வைத்தியம், நடுவில் கம்பெனி இல்லை. 1951ல் ஆயுதச் செலவைப் பெருக்கிய சர்க்கார், மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் போட்டபோது, பெவன் மந்திரி பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறினார். அந்த ஏற்பாட்டிலும் இன்று ஓட்டை உடைசல் பல உண்டு, காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அங்கே ஆஸ்பத்திரி பில்லுக்காக வீட்டை விற்றவனைக் காண்பது அரிது.

அமெரிக்காவில் ஒபாமா 2010 மார்ச் 23ந் தேதி கையெழுத்திட்ட சீர்திருத்தச் சட்டத்தை நாம் ஒரேயடியாகத் தூற்ற மாட்டோம். அதற்கு முன் “உனக்கு ஏற்கெனவே நோய் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் கிடையாது” என்று கம்பெனி கதவைச் சாத்தும். அதைச் சட்டம் தடுத்தது. 2010ல் இன்ஷூரன்ஸ் இல்லாதவர் சுமார் 4 கோடியே 80 லட்சம். 2023ல் சுமார் 2 கோடியே 60 லட்சம். இது சின்ன விஷயமல்ல. ஆனால் கம்பெனிகளுக்குப் போட்டியாக சர்க்காரே ஒரு இன்ஷூரன்ஸ் நடத்தட்டும் என்று மசோதாவில் ஒரு பகுதி இருந்ததே, அது எங்கே போயிற்று? கீழ்ச்சபை அதை நிறைவேற்றியது. செனட்டில் செத்தது. அதைச் சாகடித்ததில் முக்கியமானவர் ஜோ லீபர்மன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கோட்டையான கனெக்டிகட் மாகாணத்து செனட்டர். கம்பெனி தப்பித்தது, போதாக்குறைக்கு சர்க்கார் மானியத்தோடு புது வாடிக்கையும் கிடைத்தது. 15 வருஷம் கழித்து அந்த மானியத்துக்கே 43 நாள் பூட்டு.

சரி, இதெல்லாம் நமக்கெதற்கு என்பீர்கள். நமக்குத்தான்.

நம்மிடம் இரண்டு கார்டு இருக்கிறது. மில் தோழர் கையில் ஈ.எஸ்.ஐ. கார்டு. விவசாயத் தொழிலாளி வீட்டில் முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு. இரண்டும் கார்டுதான், ஆனால் ஒரே சரக்கல்ல.

ஈ.எஸ்.ஐ. 1948ல் சட்டமாயிற்று, கோவையில் 1955ல் வந்தது. 2019 ஜூலை முதல் கணக்கு என்ன? சம்பளத்தில் நீங்கள் 0.75 சதவிகிதம், முதலாளி 3.25 சதவிகிதம். 12,000 ரூபாய்ச் சம்பளம் என்றால் உங்களுடையது 90 ரூபாய், முதலாளியுடையது 390 ரூபாய். இதில் லாபம் எடுக்கும் கம்பெனி கிடையாது. சொந்த டிஸ்பென்சரி, சிங்காநல்லூரில் இருப்பதுபோல் சொந்த ஆஸ்பத்திரி. தலைவலிக்கும் மருந்து, ஆபரேஷனும் உண்டு. படுத்துவிட்டால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும். வேலைநிறுத்தம் தொடங்கிய மறுநாள் கார்டு செத்துப்போவதும் இல்லை. அங்கே மருந்து இல்லை, வரிசை நீளம், எரிந்து விழுகிறார்கள் என்று நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை. அதற்காகச் சண்டை போட வேண்டும். “இது வேண்டாம், தனியார் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொடுங்கள்” என்று சொல்கிற தோழர்கள் சிலர் இருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மற்ற கார்டு 2009ல் வேறு பெயரில், ஒரு தனியார் கம்பெனி மூலம் வந்தது; 2012 முதல் ஒரு பொதுத்துறைக் கம்பெனி மூலம் நடந்தது; 2018ல் மத்திய சர்க்காரின் காப்பீட்டுத் திட்டமும் வந்து சேர்ந்துகொண்டது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று சர்க்கார் பிரீமியம் கட்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கார்டு செல்லும். தினமும் விழுங்கும் மாத்திரைக்குச் செல்லாது.

நமக்குத் தெரிந்த ஒரு விவசாயத் தொழிலாளி. நாற்றங்காலில் முள் குத்திக் கால் விரலில் புண். சர்க்கரை வியாதி இருப்பது அவருக்கே தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தால் இலவசமாகப் பார்த்திருப்பார்கள், மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அது திறந்திருக்கும் நேரமும் இவர் வயலில் நிற்கும் நேரமும் ஒன்று. போனால் அன்றைக்குக் கூலி இல்லை. புண் கறுத்த பிறகு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கார்டை நீட்டினால், “அட்மிட் ஆன பிறகுதான் இது. முதலில் பரிசோதனைக்குப் பணம் கட்டுங்கள்” என்றார்கள். அந்த அம்மாள் காதுத் தோட்டைக் கழற்றி நம் கையில் கொடுத்து, “அடகு வைச்சிட்டு வாங்க அண்ணே” என்றார். இரண்டு விரலை எடுத்தார்கள். விரலை வெட்டக் கார்டு உண்டு. விரலைக் காப்பாற்றக் கார்டு இல்லை.

அப்படியானால் கார்டைக் கிழித்துப் போடச் சொல்கிறீர்களா என்று ஒரு தோழர் கேட்கிறார். இல்லை, தோழர். அது நம் வரிப்பணம். தேவைப்படும்போது கறாராகக் கேட்டு வாங்குங்கள். கார்டைக் கொடுத்துவிட்டோம், இனி சுகாதார நிலையத்தில் டாக்டர் எதற்கு, நர்ஸ் எதற்கு என்று எந்த சர்க்காராவது நினைத்தால் அதைத்தான் விடக்கூடாது. “கொடுக்கப் பணமில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது” என்ற கருத்தை, வெள்ளைக்காரன் இருந்தபோதே, 1946ல் போர் கமிட்டி எழுதிக் கொடுத்தது. தேச வருமானத்தில் 2.5 சதவிகிதத்தை 2025க்குள் சுகாதாரத்துக்குச் செலவிடுவோம் என்று மத்திய சர்க்கார் 2017ல் கொள்கை அறிவித்தது. 2025ம் போய்விட்டது, அந்த இலக்கு எட்டப்படவில்லை. இன்ஷூரன்ஸில் அன்னிய மூலதனத்தை மட்டும் 2015ல் 49 சதவிகிதம், 2021ல் 74 சதவிகிதம் என்று ஏற்றினார்கள். 2025 பட்ஜெட்டில் 100 சதவிகிதம் என்று அறிவித்தார்கள். அந்த இலக்குக்கு மட்டும் தாமதமே இல்லை!

இனி வேலையைப் பேசுவோம். மில் தோழர்கள் அடுத்த வகுப்புக்கு வரும்போது கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டை எடுத்து வாருங்கள். பிடித்த 0.75 சதவிகிதம் உங்கள் பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காண்ட்ராக்டர் கீழ் வேலை செய்கிற பெண் தோழர்களையும், வடநாட்டுத் தோழர்களையும் அவசியம் கூட்டி வாருங்கள். பெரும்பாலும் அவர்கள் கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது. விவசாயத் தொழிலாளர் தோழர்கள், உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் இந்த மாதம் எந்தெந்த நாள் டாக்டர் இல்லை, எந்த மாத்திரை இல்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலம் இரண்டு மணி நேரம் வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற மனுவோடு அந்த நோட்டையும் சேர்த்துக் கலெக்டரிடம் கொடுப்போம்.