சத்தம் போடாத ஹோர்ன்

(எமது வானொலியில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



கார் ஹோர்னைப் பற்றிப் பேசுவதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். எனது அக்காவின் மகனும் அப்படித்தான் நினைத்திருந்தார், ஒரு சனிக்கிழமை வரைக்கும்.

அவரிடம் 1968ஆம் ஆண்டு ட்ரயம்ப் ஸ்பிற்பயர் ஒன்று இருக்கிறது. கொவென்றி நகரின் கான்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இடுப்பளவு உயரம்கூட வராத கதவு. பக்கத்தில் ஒரு வான் நின்றால், அதன் சாரதிக்கு இந்தக் கார் இருப்பதே தெரியாது.

அன்று ஒரு கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். முன்னால் நின்ற வான் பின்பக்கமாக வரத் தொடங்கியது. ஹோர்னை அமத்தினார். சத்தமே இல்லை. திரும்பவும் அமத்தினார். இல்லை. நடந்து போன ஒருவர் வானின் பக்கத்தில் கையால் ஓங்கித் தட்டியதால்தான் அது நின்றது. இடையில் இருந்தது ஒரு சாண் தூரம்.

அன்று பின்னேரமே எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“மாமா, போன மாசம்தான் கராஜிலை குடுத்து ஹோர்ன் ரெண்டையும் புதுசா மாத்தினனான். அப்பவும் ஒருக்கா வேலை செய்யும், ஒருக்காச் செய்யாது. எம்.ஓ.ரி. இல்லாத கார்தானே எண்டு விட்டிட்டன்.”

இதைக் கேட்கும் வேறு சிலரும் அப்படி எண்ணியிருக்கலாம். 2018ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 வயது கடந்த கார்களுக்கு பிரித்தானியாவில் எம்.ஓ.ரி. சோதனை கட்டாயமில்லை. ஆனால் சோதனை இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகிவிடாது. வீதியில் ஓடும் கார் பாதுகாப்பான நிலையில் இருக்கவேண்டும். ஹோர்ன் வேலை செய்யவேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது முழுக்க முழுக்கச் சொந்தக்காரரின் பொறுப்பு.

அடுத்த நாள் நான் போனேன். என்னிடம் இருந்தவை இரண்டு வயர் பொருத்திய ஒரு 12 வோல்ற் பல்ப், ஒரு துண்டு வயர், கொஞ்சம் சாண்ட் பேப்பர். இவ்வளவுதான்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டு விளக்குக்கு சுவிச் எப்படியோ அப்படித்தான் ஹோர்ன் பொத்தானும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பழைய பிரித்தானியக் கார்களில் அப்படியல்ல. பியூஸிலிருந்து வரும் ஊதா நிற வயர் ஹோர்னுக்கு எந்நேரமும் மின்சாரத்தைக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கும். ஹோர்னிலிருந்து ஊதாவில் கறுப்புக் கோடு போட்ட இன்னொரு வயர் ஸ்ரியரிங்குக்குப் போகும். நாங்கள் பொத்தானை அமத்தும்போது அந்த வயர் ஸ்ரியரிங் தண்டைத் தொட்டு, தண்டு வழியாகக் காரின் இரும்புக்கும், அதிலிருந்து பற்றறிக்கும் போய்ச் சேர்கிறது. மின்சாரம் போவதற்கு வழி இருந்தால் மட்டும் போதாது, திரும்பி வருவதற்கும் வழி இருக்கவேண்டும். பொத்தான் திறந்து விடுவது அந்தத் திரும்பி வரும் வழியைத்தான்.

இந்த நிறங்கள் எனக்குப் புதியவை அல்ல. யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை பழகிய காலத்தில் மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிறிஜிலும் நான் பார்த்தவையும் இதே லூக்காஸ் வயர்கள்தான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. புதுச் சாமான் வராது. ஆகவே எது பழுது என்று நிச்சயமாகத் தெரியாமல் எதையும் கழற்றி எறிய முடியாது. பிழை எங்கே என்று தேடியே ஆகவேண்டும்.

அன்றும் அப்படித்தான் படிப்படியாகத் தேடினோம். உள் விளக்கு எரிந்தது. இந்த வகைக் கார்கள் பலவற்றில் அதுவும் ஹோர்னும் ஒரே பியூஸில்தான் இருக்கும். ஆகவே பியூஸ் நல்லது. ஹோர்னில் ஊதா வயர் சேரும் இடத்தில் பல்ப் எரிந்தது. மின்சாரம் வருகிறது. பிறகு, கறுப்புக் கோடு போட்ட வயர் இருக்கும் முனையை என் துண்டு வயரால் பற்றறியின் ஏர்த் முனையோடு தொட்டேன். ஹோர்ன் அலறியது! தவறுதலாக வெறும் ஊதா வயரை ஏர்த்தில் தொட்டுவிடாதீர்கள், பியூஸ் போய்விடும்.

ஆகவே ஹோர்ன் நல்லது. பழைய ஹோர்ன்கள் எங்கே என்று கேட்டேன். “டிக்கியுக்கை கிடக்கு மாமா” என்றார். அவற்றையும் தொட்டுப் பார்த்தோம். ஒன்று கணீரென்றது. மற்றது தொண்டை கட்டியதுபோலக் கரகரத்தது. மாற்றவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஸ்ரியரிங்கின் நடுவிலிருந்த பொத்தானைக் கழற்றினோம். உள்ளே பென்சில் போன்ற ஒரு சிறிய பித்தளைத் துண்டு, ஸ்பிரிங்கோடு. அதைச் சுத்தம் செய்தோம். அப்போதும் சத்தம் இல்லை. கடைசியில் பல்பின் ஒரு வயரைப் பற்றறியின் நேர் முனையிலும் மற்றதை ஸ்ரியரிங் தண்டிலும் வைத்தேன். பல்ப் எரியவில்லை. தண்டுக்கு ஏர்த் இல்லை!

கீழே குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. தண்டின் கீழ்ப்பகுதியில் அதிர்வைத் தாங்குவதற்காக ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அதைத் தாண்டிப் போவதற்கு ஒரு சிறு ஏர்த் வயரைத் தொழிற்சாலையிலேயே பூட்டி விடுவார்கள். யாரோ ஒரு காலத்தில் ரப்பரைப் புதிதாக மாற்றியபோது அந்த வயரைத் திரும்பப் பூட்ட மறந்திருக்கிறார்கள். இரும்பும் இரும்பும் தற்செயலாக எங்காவது முட்டும்போது ஹோர்ன் அடித்திருக்கிறது. முட்டாதபோது இல்லை. அந்தச் சனிக்கிழமை முட்டவில்லை.

பின்னல் செப்பு வயரில் ஒரு துண்டு எடுத்து, இரும்பை மினுங்கும்வரை தேய்த்து, இரண்டு பக்கமும் பூட்டினோம். செலவு சில பவுண்கள். ஆனால் ஒரு கவனம் தேவை. அந்த ஆணிகள் ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்கும் ஆணிகள். அவற்றைச் சரியாக இறுக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் விடுங்கள். ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர் எதிலும் சிக்கவில்லை என்றும் பாருங்கள்.

கரகரத்த பழைய ஹோர்னுக்கும் மருந்து இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிறிய திருகாணி இருக்கும். சத்தம் நிற்கும் இடம்வரை அதை இடப்பக்கம் திருப்பி, பிறகு கால் சுற்று வலப்பக்கம் திருப்பவேண்டும். நடுவில் இருக்கும் பெரிய ஆணியில் கை வைக்கக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்ரியரிங்கில் எயார்பாக் உள்ள கார்களில், பழைய மாஸ்டா எம்.எக்ஸ்.5 போன்றவற்றில் பலவும் அப்படித்தான், பொத்தானை நீங்களாகக் கழற்றவே கூடாது. அது வெடித்தால் முகம் போய்விடும்.

வேலை முடிந்ததும் மருமகனின் மகள் ஏறியிருந்து ஹோர்னை விடாமல் அடித்தாள். நான்தான் நிறுத்தினேன். எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி அடிப்போம். இங்கே கலியாண ஊர்வலங்களிலும் அடிக்கிறோம். ஆனால் இந்த நாட்டில் ஹோர்ன் எச்சரிக்கைக்கு மட்டும்தான். மக்கள் வசிக்கும் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிக்கக்கூடாது. நிற்கும் காரிலும், இன்னொரு வாகனத்தால் ஆபத்து வந்தாலொழிய, அடிக்கக்கூடாது.

வருடத்தில் ஒரு தடவைகூடத் தேவைப்படாமல் போகலாம். தேவைப்படும் அந்த ஒரு விநாடியில் அது சத்தம் போடவேண்டும். ஆகவே நேயர்களே, உங்கள் கார் புதியதோ பழையதோ, நாளைக்குப் பகல் வெளிக்கிடுவதற்கு முன் ஒரு தடவை அமத்திப் பாருங்கள்.