கங்கை கடல் சேரும் ஊரில்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவில், நகரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் பலாபத்வல என்னும் ஊரை அடையலாம். மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் செழிக்கும் குன்றுப் புறம் அது. கடலுக்கும் அவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே காண்போர் எண்ணுவர். ஆயினும், அங்கே கூரையிலிருந்து வடியும் மழைநீர் ஓடையாகிச் சுது கங்கையைச் சேர்கின்றது. சுது கங்கை அம்பன் கங்கையிலே கலக்கின்றது. அம்பன் கங்கையோ பொலன்னறுவைப் பகுதியில் மகாவலியோடு ஒன்றாகி, திருக்கோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிலே கடலைக் காண்கின்றது. ஆகவே, பலாபத்வலையிலிருந்து ஒரு குடும்பம் பள்ளி விடுமுறையில் கடல் காணப் புறப்பட்டு, அக்குடாவின் கரையிலுள்ள மூதூரை நாடுமாயின், அது தன் வீட்டு நீரின் பின்னாலேயே செல்கின்றது எனலாம்.

அத்தகைய குடும்பம் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். தந்தை, தாய், இரு பிள்ளைகள், முதிய பாட்டி. பாட்டியின் முன்னோர் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழியிலே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் பலர். உயிர் தப்பித் தோட்டத்தை அடைந்தவர்களுள் பெரும்பாலோர் பின்னர்க் கடலைக் கண்டதில்லை. அதே தெருவில் இன்று பேருந்து வடக்கே இறங்கும்போது, பிள்ளைகள் சாளரத்தை விட்டு அகலார், பாட்டி பேசாதிருப்பாள்.

தம்புள்ளையில் திரும்பி, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருக்கோணமலையை நெருங்கும் பயணம் அரை நாளுக்குள் முடிந்துவிடும். முன்னாளில் அங்கிருந்து மூதூர் செல்வதுதான் பெரும்பாடு. ஒன்று குடாவைப் படகிலே கடத்தல் வேண்டும். அன்றேல் தரை வழியே ஒவ்வொரு துறையிலும் 'பாதை' எனப்படும் மிதவைக்காகக் காத்துக் கிடத்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மற்றத் துறைகளுக்கும் அடுத்து வந்த ஆண்டுகளில் பாலங்கள் அமைந்தன. காத்திருக்கும் தொல்லை நீங்கியது. காத்திருந்தோர் அறிமுகமாகும் வாய்ப்பும் அதனோடு போயிற்று.

காலம் அறிந்து செல்லுதல் நன்று. மார்கழி விடுமுறையில் அங்கு வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், கங்கை கரை புரளும். சித்திரையிலும் ஆவணியிலுமே கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

அந்த அமைதிதான் மலைநாட்டுப் பிள்ளையை ஏமாற்றுவது. சுது கங்கையிலே குளித்துப் பழகியவனுக்கு ஆறு புதிதன்று. எங்கே பாறை, எங்கே கயம், நீர் எப்பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவன் கண்ணுக்குப் புலப்படும். முகத்துவாரத்திலோ அவ்வடையாளங்களுள் ஒன்றும் இல்லை. கங்கையின் நன்னீர் இலேசானது. ஆதலின் மேலே கடலை நோக்கிச் செல்லும். கடலின் உவர்நீர் கனத்தது. ஆதலின் அடியிலே ஆற்றுக்குள் ஏறும். மேலே ஒரு போக்கு, காலடியில் மற்றொரு போக்கு. நேற்று முழங்கால் அளவு நீர் நின்ற மணல் திட்டு இன்று இருந்த இடம் தெரியாமல் கரைந்திருக்கும். கங்கையின் கீழ்ப்பகுதியில் முதலையும் உண்டு. கொட்டியாரக் குடாவும் எளிய குடாவன்று. அதன் உள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வெளிக்கடலில் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்திற்கு இறங்குகின்றது. ஆதலின், "தம்பி, அந்தப் பக்கம் இறங்காதே" என்று கரையில் வலை உலர்த்தும் முதியவர் குரல் கொடுத்தால், நீந்தத் தெரியும் என்று விடை கூறுவது அறியாமை. நீந்தத் தெரிந்தவன்தான் அங்கே ஆழத்திற்குச் செல்கின்றான்.

கரையில் நிற்பதால் பிள்ளைக்கு இழப்பு ஒன்றுமில்லை. கொடுவாயும் மடவையும் எவ்வேளையில் உவர்நீரோடு உள்ளே ஏறும், இறால் எங்கே ஒதுங்கும், சேற்றில் மட்டியைக் காலால் தடவி எடுப்பது எவ்வாறு என்பன எந்தப் பாடநூலிலும் இல்லாதவை.

விருந்தினர் அறிய வேண்டியது மற்றொன்று வீட்டுக் கிணற்றடியிலே இருக்கின்றது. மலையில் நீர் குழாயிலும் பீலியிலும் ஓடிக்கொண்டேயிருக்கும், அதற்குக் கணக்கில்லை. மூதூர்ப் புறத்து மணற்கிணறு அத்தகையதன்று. மழைநீர் மணலில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் ஆண்டு முழுவதும் இனிக்கும். அளவு மீறினால் அடியிலுள்ள உப்பு மேலேறும். ஐந்து பேர் கடலாடி வந்து, உப்பும் மணலும் போகும்வரை வாளி வாளியாக ஊற்றிக் குளித்தால், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். விருந்தினரை நோகச் சொல்வது அவ்வூர் வழக்கமன்று. மறுநாள் தேநீரிலே உப்புக் கரிக்கும்போதுதான் தாய் அதை உணர்வாள். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வாளி என்று பாட்டி கணக்கு வைப்பாள். கைப்பிடித் தண்ணீருக்கு மைல் கணக்காக நடந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

அவ்வூர்க்கு வந்து நெடுங்காலம் திரும்ப இயலாத விருந்தாளி ஒருவரும் உண்டு. 1660ஆம் ஆண்டு, புயலிலே பாய்மரம் இழந்த கப்பலோடு கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலேயர் உறொபேட் நொக்ஸ், கண்டி மன்னரின் ஆட்களால் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1679இலேயே மன்னார்க் கரையோரம் அரிப்பை அடைந்து தப்பினார். அவர் இளைப்பாறியதாகச் சொல்லப்படும் மரத்தின் இடத்தை மூதூரார் இன்றும் காட்டுவர். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

வேறு கதைகளும் அங்குள்ளன. அவற்றைத் தாமாகக் கேட்டல் ஆகாது. 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையையும் தாக்கியது. 2006இல் போர் வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் வீடு விட்டு ஓடினர். அண்மையிலுள்ள சம்பூர் மக்கள் ஊர் திரும்பப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். சுவரில் தொங்கும் ஒரு படத்தைப் பார்த்து, "இவர் யார்?" என்று பிள்ளை வினவிவிடலாம். வீட்டு அம்மா விடை சொன்னால் அமர்ந்து கேட்கலாம். பேச்சை வேறு திசைக்கு மாற்றினால், கூட மாறிவிடுவதே முறை.

புறப்படும் நாளில் கருவாட்டுப் பொதி ஒன்று பையில் ஏறும். கொண்டுவந்த மிளகும் சாதிக்காயும் அங்கே தங்கும். வாசலில் நின்று வீட்டுக்காரர் கேட்பது ஊர்க்கணக்கன்று, "உங்கள் பக்கம் இம்முறை மழை எப்படி இருக்கும்?" என்பதே. 1976 முதல் பொல்கொல்லையிலிருந்து சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பப்படும் மகாவலி நீரும் சுது கங்கையிலேயே விழுகின்றது. வழியிலுள்ள வயல்களும் குளங்களும் கொண்டது போக எஞ்சியதே கடல்வரை வருவது. ஆடியில் அது குறைந்தால் முகத்துவாரத்தில் உவர் ஏறும். கார்த்திகையில் பெருகினால் வயலும் வளவும் மூழ்கும். இரண்டையும் மலையைக் கேட்டே அவர் அறிதல் வேண்டும்.

கார்த்திகை பிறந்து பலாபத்வலையிலே மூன்று நாள் விடாது மழை பொழிகின்றது. ஓடை செம்மண் நிறமாகிவிட்டது. அடுப்படியிலிருந்து பாட்டி மகனை அழைக்கின்றாள்: "மூதூருக்கு ஒருக்கா தொலைபேசியிலே சொல்லிப்போடப்பா."