உடலின் உயிர்ப்பும் கல்லறைச் சுவரும்



மறைந்தவரின் நினைவில் கூடியிருக்கும் நாம், சாவுக்குப் பிறகு என்ன என்ற கேள்வியைப் பேசத் தயங்க வேண்டியதில்லை. விடுதலை அரசியல் பேசுகிறவர்கள் இதைத் தள்ளியே வைத்திருக்கிறோம். காரணம் இருக்கிறது. இங்கே பொறுத்துக்கொள், அங்கே கிடைக்கும் என்று சொல்லித்தான் பல தலைமுறைகளை அடக்கிவைத்தார்கள். மதம் மக்களை மயக்குகிறது என்று 1844இல் எழுதிய மார்க்ஸ், ஒடுக்கப்பட்டவரின் துயரம் அதில் ஒலிக்கிறது என்பதையும் அதே இடத்தில் ஒப்புக்கொண்டார். நாம் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

மனித மனம் இறைவனிடம் சேரும்வரை அமைதி அடைவதில்லை என்பது புனித அகுஸ்தினாரின் பார்வை. நிறைவுக்கான ஏக்கம் எல்லோருக்கும் உண்டு. வேண்டியவர் சாகும்போது பாதியில் நின்றுபோன பேச்சு நம் எல்லோரையும் உறுத்தும். ஆனால் நம் மக்களின் குறையில் பெரும்பகுதி, பிறர் பறித்ததால் வந்த குறை. எசாயா நூலின் 65ஆம் அதிகாரம் புதிய உலகத்தைப் பற்றிப் பேசும்போது, வீட்டைக் கட்டியவரே அதில் குடியிருப்பதையும், நட்டவரே அதன் பலனை உண்பதையும் சொல்கிறது. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

அமெரிக்கக் கறுப்பின அடிமைகள் பாடிய பக்திப் பாடல்களில் கானான் தேசம் வரும். அந்தச் சொல் தங்களுக்கு அடிமைத்தனம் இல்லாத வடக்கு மாநிலங்களையும் குறித்தது என்று, தப்பிச் சென்று விடுதலை பெற்ற பிரடெரிக் டக்ளஸ் 1855இல் எழுதினார். எசமானர்கள் அதை மோட்சப் பாட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடியவர்களோ தப்பிக்கும் வழியையும் அதில் நினைத்திருந்தார்கள். மறுமை நம்பிக்கை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது விலங்காகவோ திறவுகோலாகவோ ஆகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆன்மா மட்டும் பிழைத்துப் போவதோடு கிறிஸ்தவ நம்பிக்கை நிற்பதில்லை. உடலின் உயிர்ப்பை அது அறிக்கையிடுகிறது. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட உடலுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசுவின் உடலில் காயங்கள் அப்படியே இருக்கின்றன. தொட்டுப் பார்க்கும்படி தோமாவை அழைக்கிறார். மாற்றுத்திறனாளியான அமெரிக்க இறையியலாளர் நான்சி ஐஸ்லாந்து, 1994இல் வந்த தன் நூலில் இந்தக் காயங்களிலிருந்துதான் வாதத்தைத் தொடங்கினார். நிறைவு என்பது வடுவைத் துடைத்தெறிவது என்றால், அடித்தவனுக்கு அது வசதி. வடு சாட்சியாக நிற்க, அவமானம் நீங்குவதே நாம் கேட்கும் நிறைவு.

இப்போது கல்லறைக்கு வருவோம். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுகிறோம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரித்து எழுப்பிய சுவர் நாடறிந்தது. எல்லோரும் ஒன்றாக உயிர்த்தெழுவார்கள் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் வாய்தான் பிணத்தைத் தனியாகப் புதைக்கச் சொல்கிறது. அறிக்கை உண்மையென்றால் சுவர் பொய். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது.

அரசு வேறு கதை சொல்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முசுலிம்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது, 2007இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம். மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது ஆணை. செத்தாலும் போகாது என்கிறது சுவர். இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது நம் மக்கள்.

நம்மில் கடவுளை நம்புகிறவர்களும் இருக்கிறோம், நம்பாதவர்களும் இருக்கிறோம். மறுமை உண்டா இல்லையா என்று இந்த அரங்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவர்களின் கதை முடிந்துவிடவில்லை, அவர்களுக்கு நீதி பாக்கி இருக்கிறது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. அந்தப் பாக்கியைக் கடவுள் தீர்ப்பார் என்று நம்புகிறவர்களும் சுவரை இடிக்கக் கடப்பாரை எடுக்கத்தான் வேண்டும். கடவுள் இல்லை என்கிறவர்கள் அதன் மறுமுனையைப் பிடிக்கட்டும்.