நேரம் இருந்தால் வாருங்கள், சாமி
(யூபிலி ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





யூபிலிக் கொண்டாட்டத்தோடு சேர்த்து, என் குருப்பட்ட நாளையும் விமரிசையாகக் கொண்டாட வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் நீங்கள் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, விருந்து என்று பட்டியலும் தயாராகிவிட்டது. உங்கள் அன்புக்கு நன்றி. ஆனாலும் அந்தத் தீர்மானத்தை ஏற்றுக்கொள்ள என் மனம் இடங்கொடுக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இப்போது உங்கள்முன் நிற்கிறேன். நான் சொல்லப்போகும் நிகழ்ச்சியில் சம்பந்தப்பட்ட குடும்பத்தார் இதோ இந்தக் கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பிறகே சொல்கிறேன்.

நான் இந்தப் பங்குக்கு வந்த பிறகு வந்த ஒரு குருப்பட்ட நாள் அது. மே மாதம். விடியுமுன்பே, ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்புகளின் சத்தத்தில் எழுந்தேன். ஆறு மணிக்குத் திருப்பலி. இத்தனை ஆண்டுகளாகத் தகுதியற்ற என்னைத் தம் பீடத்தண்டையில் நிறுத்தி வைத்திருக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லி, அன்றைய பலியை ஒப்புக்கொடுத்தேன். உள்ளபடியே நெஞ்சம் உருகியது. ஆனால் சக்கிறீஸ்துவை விட்டு வெளியே வந்ததுமே அன்றைய ஓட்டம் ஆரம்பமாகிவிட்டது.

பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு நால்வர். திருமண ஓலை எழுத ஒரு குடும்பம். மூன்று மாதமாகப் பிரிந்திருக்கும் கணவன் மனைவியை எதிரெதிரே உட்கார வைத்து ஒரு மணி நேரம். பத்தரைக்கு ஓர் அடக்கப் பூசை. கல்லறையிலிருந்து திரும்பியபோது மதியம் ஒரு மணி. பாகப்பிரிவினையில் சண்டையிட்ட அண்ணன் தம்பிகள் பங்களா வாசலில் காத்திருந்தார்கள். சாப்பாடு மூன்று மணிக்கு. மேற்றிராசனத்துக்கு அனுப்பவேண்டிய கணக்கு மேசைமேல் கிடந்தது. நான்கு மணிக்கு ஒரு வீடு மந்திரிப்பு. ஆறு மணிக்கு எனக்குப் பாராட்டு விழா.

சாப்பிட்டுக் கைகழுவும்போது ஒரு சிறுவன் மிதிவண்டியில் வந்து நின்றான். பன்னிரண்டு வயது இருக்கும். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்ததால், பையனை அனுப்பியிருந்தார்கள்.

“சாமி, அப்பத்தா கூப்பிடுது. நேரம் இருந்தா வரச் சொல்லுச்சு” என்றான்.

அந்த அம்மாளை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்குமேல் ஏலக்காய் பறித்த கைகள். நடமாட்டம் நின்று பல மாதங்களாயின. “ரொம்ப முடியலையா தம்பி?” என்று கேட்டேன். “காலையில கஞ்சி குடிச்சுச்சு” என்றான். எனக்கு நிம்மதி ஆயிற்று. “நாளைக் காலையில் பூசை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்” என்று அனுப்பிவிட்டேன்.

மாலை விழா தொடங்கியது. கைப்பேசியை அறையிலேயே வைத்துவிட்டு மேடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது பொன்னாடையோ நான்காவதோ போர்த்தும்போது, பந்தல்கால் பக்கத்தில் அதே சிறுவனைக் கண்டேன். அவன் மேடைக்கு அருகே வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் கையைக் காட்டினேன், கொஞ்சம் பொறு என்று. அவன் பொறுத்தான். பேச்சுகள் நீண்டன. “கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் சாமி நம் சாமி” என்று ஒருவர் பேசினார்; அனைவரும் கைதட்டினார்கள். நானும் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். பிறகு விருந்து. மறுபடி பார்த்தபோது பையனைக் காணவில்லை.

இரவு ஒன்பதரை மணிக்கு எனக்கு அந்தச் சிறுவன் நினைவு வந்தது. நற்கருணையையும் நோயாளர் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அந்த வீடு கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் இராது. தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. எட்டு மணிக்கே அந்தத் தாயின் உயிர் பிரிந்திருந்தது.

உள்ளே போனேன். கட்டிலுக்கு அருகே ஒரு முக்காலி. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துப் பாடுபட்ட சுரூபம் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்திகள். ஒரு தம்ளரில் தண்ணீர், சிறு தட்டில் பஞ்சு. நம் முன்னோர் சாமியார் வரும்போது எப்படி ஆயத்தம் செய்வார்களோ, அப்படியே எல்லாம் இருந்தது. மெழுகுவர்த்திகளை ஏற்றவில்லை. சாமியார் வந்ததும் ஏற்றலாம் என்று வைத்திருந்தார்கள்.

என்மேல் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. மருமகள் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். “சாமி பட்டம் வாங்குன நாளுன்னு காலையிலிருந்து உங்களுக்காக ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்துச்சு சாமி” என்று மட்டும் சொன்னார். நம் ஒலிபெருக்கி அந்த வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் சாமி என்று பேசியது அந்தத் தாயின் காதில் விழுந்ததா என்று கேட்க எனக்குத் துணிவு இல்லை.

அன்றிரவு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். செய்த வேலைகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஒன்றும் வீண்வேலை இல்லை. எல்லாம் குருவானவர் செய்யவேண்டிய வேலைதான். ஆனால் அந்த நாளில் ஆண்டவர் எனக்கென்று அனுப்பிய வேலை அந்தப் பட்டியலில் இல்லை. அது மிதிவண்டியில் இரண்டு தடவை வந்து திரும்பிப் போயிருந்தது.

பிரியமானவர்களே, அதன்பின் என் மனத்தைத் தேற்றியும் சுட்டும் வருகிற ஒரு சரித்திரத்தைச் சொல்லுகிறேன். நம்மில் பலர் மணப்பாட்டுத் திருச்சிலுவைக் கோயிலுக்கு யாத்திரை போயிருக்கிறோம். அந்த மணப்பாட்டிலே நடந்தது இது.

புனித பிரான்சிஸ் சவேரியார், புனித இஞ்ஞாசியாரோடும் மற்றத் தோழர்கள் சிலரோடும் வெனிஸ் நகரிலே குருப்பட்டம் பெற்றது 1537-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், புனித ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று. 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கி, அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய வேலைப் பளுவை அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். சிறுபிள்ளைகள் ஜெபம் சொல்லித்தரச் சொல்லி அவரைக் கட்டளைஜெபம் செய்யவோ உண்ணவோ உறங்கவோ விட்டதில்லை. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோன நாட்களும் உண்டு.

1544 ஜூன் மாதம், வடுகர் படைக்கு அஞ்சி குமரிமுனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கடற்பாறைகளில் போய் ஒளிந்தார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் அவர்கள் சாகிறார்கள் என்ற செய்தி மணப்பாட்டிலிருந்த சவேரியாருக்கு எட்டியது. ஜூன் 16-ஆம் நாள் தம் துணைவர் பிரான்சிஸ் மான்சிலாசுக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதிவிட்டு, இருபது தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு அன்றிரவே புறப்பட்டார். அந்த மக்களுக்காகப் பிச்சையெடுத்து உதவ ஏற்பாடு செய்தபோதும், ஏழைகளிடம் ஒன்றும் வாங்கலாகாது என்று எழுத மறக்கவில்லை.

ஜூன் மாதக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. குமுளி மலையிலே நமக்குச் சாரலைக் கொண்டுவருகிற தென்மேற்குக் காற்றுதான் அது. மணப்பாட்டிலிருந்து குமரிமுனைக்குப் போவதென்றால் அந்தக் காற்றுக்கு நேர் எதிரே போகவேண்டும். துடுப்பு போட்டார்கள், கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள், தோணிகள் போய்ச் சேரவில்லை. கடலிலே பட்ட பாட்டை ஆண்டவர் ஒருவரே அறிவார் என்ற கருத்தில், ஜூன் 30-ஆம் நாள் சவேரியார் எழுதினார். செவ்வாய்க்கிழமை மணப்பாட்டுக்குத் திரும்பி வந்ததாக அதே கடிதம் சொல்லுகிறது. அக்காலத்துப் பஞ்சாங்கப்படி கணக்கிட்டுப் பார்த்தேன். ஜூன் 30 திங்கட்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஜூன் 24!

அன்று அவருடைய குருப்பட்டத்தின் ஏழாம் ஆண்டு நிறைவு நாள். தலைமுதல் கால்வரை உப்பு நீரில் நனைந்து, போன காரியம் கைகூடாமல் கரையேறினார் அந்த மகான். தம் குருப்பட்ட நாளைப் பற்றி அந்தக் கடிதத்தில் அவர் பேசவில்லை. காற்று தணிந்ததும் மறுபடி போவேன் என்றுதான் எழுதினார். பிறகு கடல்வழியை விட்டுத் தரைவழியாகவே குமரிமுனைக்குப் போய்ச் சேர்ந்தார். உண்ண உணவில்லாதவர்களையும், வழியிலே மடிந்தவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரையும் கண்டதாக ஆகஸ்டு முதல் நாள் எழுதினார்.

சவேரியாரும் போய்ச் சேரவில்லை. நானும் போய்ச் சேரவில்லை. ஆனால் அவரைத் தடுத்தது புயற்காற்று. என்னைத் தடுத்தது பொன்னாடை. அவர் எட்டு நாள் கடலோடு போராடித் தோற்றார். நான் ஒரு கிலோமீட்டர் தூரம் புறப்படாமலேயே தோற்றேன். போகமுடியாமற்போன குருவை ஆண்டவர் தேற்றுவார். போகாமல் இருந்த குரு மன்னிப்புக் கேட்கவேண்டும். அந்தக் குடும்பத்தாரிடம் அன்றே கேட்டேன். இன்று உங்கள் எல்லாருக்கும் முன்பாகவும் கேட்கிறேன்.

இனி, என் தப்பிதத்தைச் சொல்லிவிட்ட உரிமையோடு, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். யூபிலிக்கு நீங்கள் எனக்குத் தரும் காணிக்கை இவையாக இருக்கட்டும்.

முதலாவது: “நேரம் இருந்தால் வாருங்கள்” என்று இனி யாரும் சொல்லி அனுப்பாதீர்கள். அது மரியாதையான சொல்தான். ஆனால் அதைக் கேட்ட குருவுக்கு அதுவே சாக்காகிவிடுகிறது. “வாருங்கள் சாமி” என்று சொல்லுங்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், மேடையில் இருந்தாலும், படுத்துத் தூங்கினாலும், கையைப் பிடித்து இழுங்கள். பந்தல்கால் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் இனிக் காத்து நிற்கக்கூடாது.

இரண்டாவது: கடைசி மூச்சு வரைக்கும் காத்திராமல் முன்னதாகவே கூப்பிடுங்கள். நாம் இதை “அவஸ்தைப் பூசுதல்” என்று சொல்லிப் பழகியதால், சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்ற பயம் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. சாகுந்தறுவாயில் இருப்பவர்களுக்கு மாத்திரம் உரிய அருட்சாதனம் அல்ல இது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே சொல்லிவிட்டது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972-இல் இதற்குரிய சடங்கைப் புதுப்பித்தார். நோயுற்றவன் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்று புனித யாகப்பர் எழுதியதும் நோயாளிகளைப் பற்றித்தான். கடும் நோயில் விழுந்தவர்களும், முதுமையால் தளர்ந்தவர்களும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் நல்ல நினைவோடு இருக்கும்போதே இதைப் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். கஞ்சி குடிக்கும்போதே கூப்பிடுங்கள்.

மூன்றாவது: குருவானவர் ஒருவர், படுக்கையில் இருப்போர் பலர். சவேரியாருக்கும் இதே தொல்லை இருந்தது. எல்லா வீட்டுக்கும் போகமுடியாதபோது, ஜெபம் கற்ற சிறுவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் அங்கே விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லிச் செபித்தார்கள். நம் அன்பியங்கள் அந்த வேலையைச் செய்யக்கூடாதா? ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவில் படுக்கையில் இருப்போர் யார், தனித்து வாழும் முதியோர் யார் என்று பெயர் எழுதி மாதந்தோறும் என்னிடம் கொடுக்கட்டும். வாரம் ஒருமுறை ஒருவர் போய்ப் பார்க்கட்டும். தகுந்த பயிற்சியும் அனுமதியும் பெற்ற பொதுநிலையினர் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்ல 1973 முதல் திருச்சபை வழி திறந்திருக்கிறது. அதற்கு முன்வருவோரை நான் சந்தோஷத்தோடு ஆயத்தம் செய்வேன்.

பந்தலும் விருந்தும் யூபிலிக்கு இருக்கட்டும். அது உங்கள் விழா. உங்கள் பாட்டன் பூட்டன்மார் காத்துவந்த விசுவாசத்தின் விழா. என் குருப்பட்ட நாளுக்கு ஒன்றும் வேண்டாம். அன்று காலைத் திருப்பலி முடிந்ததும், அன்பியங்கள் தரும் பட்டியலோடு வீடு வீடாகப் புறப்படுவேன். என்னோடு வழிகாட்டியாக வர ஒருவரைக் கேட்டிருக்கிறேன், அவனும் ஒப்புக்கொண்டான். அன்று மிதிவண்டியில் வந்த பையன்தான். இப்போது மீசை அரும்பிய வாலிபன். முதல் வீடாக எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். “எங்க வீட்டுக்கு வாங்க சாமி, அப்பத்தா படத்துக்கு முன்னால மெழுகுவர்த்தி ஏத்தணும்” என்றான்.

அந்த வீட்டில் ஏற்றாமல் விட்ட மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு மற்ற வீடுகளுக்குப் போவேன். எனக்காக மன்றாடுங்கள். நானும் பீடத்தில் உங்களை நினைக்கிறேன்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!