செம்பின் மேல் வளரும் கரிமப் படலம்



பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், நகரம் செங்கற் கட்டடங்களாக எழுந்தது. அதற்கான சூளைகள் இங்கே எரிந்தன. செங்கல் சுடும் அந்த வெப்பத்தில், ஏறத்தாழ 1,000 பாகை செல்சியசில், ஓரணுத் தடிப்பே உள்ள கிராபீன் படலத்தை இன்று வளர்க்கிறார்கள்.

2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவைக் கொண்டு கிராபைட்டிலிருந்து கிராபீனைப் பிரித்தனர்; 2010இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும், அவ்வாறு கிடைத்தவை சிறு துணுக்குகளே. பரந்த படலத்திற்கு வேறு வழி வேண்டியிருந்தது. 2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ருவோஃப் குழுவினர் மெல்லிய செப்புத் தாளில் அதனை வளர்த்துக் காட்டினர்.

காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் செப்புத் தாளை வைத்து, ஹைட்ரஜனில் சூடேற்றினால் அதன் மேலுள்ள ஆக்சைடு நீங்கும். பின்னர் மீத்தேனைச் செலுத்துவர். செம்பின் பரப்பு மீத்தேனைச் சிதைக்கிறது. எஞ்சிய கரிம அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துத் தேன்கூட்டு வடிவத் தீவுகளாகி, அத்தீவுகள் வளர்ந்து இணைகின்றன.

படலம் ஏன் ஓரடுக்கோடு நிற்கிறது? நிக்கல் வெப்பத்தில் கரிமத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, குளிரும்போது வெளியே தள்ளும். அதனால் அடுக்குகள் பெருகும். செம்போ கரிமத்தை உள்ளே விடுவதே அரிது. பரப்பு மூடப்பட்டதும் மீத்தேனைச் சிதைக்க வெறுஞ்செம்பு இல்லை. வளர்ச்சி ஏறக்குறைய தானே நின்றுவிடுகிறது.

இம்முறையை ‘வேதி நீராவிப் படிவு’ என்று மொழிபெயர்த்தால் மாணவர் இல்லாத நீரைத் தேடுவார். ‘வேதி ஆவிப் படிவு’ என்பதே ஏற்றது. அப்போதும், ‘படிவு’ என்பது தூசி படிவதைப் போன்றதன்று என ஆசிரியர் விளக்கியாக வேண்டும். தூசி மேன்மேலும் படியும். இப்படலமோ நிற்குமிடம் அறியும்.

‘கிராபீன்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். 2014இல் நம் நாடு வகுத்த தேசிய கிராபீன் செயல்திட்டம் ரப்பர், நெகிழி, மின்கலம், கடத்தும் மை முதலியவற்றை முன்வைத்தது. இவற்றிற்குப் பெரும்பாலும் வேண்டுவது பொடி போன்ற செதில்கள். உலையில் வளரும் படலம் அன்று. அப்படலத்தைச் செம்பைக் கரைத்துப் பிரித்து, கிழியாமலும் சுருங்காமலும் வேறிடத்தில் பதிப்பதே இன்னும் பெரும்பாடு.

ஆகவே மாணவர்களே, கிராபீன் என்று கேட்டவுடன், “செதிலா, படலமா?” என்று தமிழிலேயே வினவுங்கள். வினா தெளிவானால் அறிவியலும் தெளிவாகும்.