பத்துப் பேர் அமரும் மேசை

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் பியர் விழாவுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஜேர்மன் மொழியின் சிறந்த நாடகங்களுள் ஒன்று, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பியர் விழா மைதானத்திலேயே நடக்கிறது. அந்த நாடகத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், நானும் என் நண்பர்களும் அதே விழாவுக்குப் போகத் திட்டமிட்ட கதையைச் சொல்லவேண்டும். அந்தக் கதை இல்லாமல் நாடகம் எனக்கு விளங்கியிராது.

விழா மியூனிச் நகரில் நடப்பது. 1810ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆம் திகதி பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக், இளவரசி தெரேசாவை மணந்தார். அதனையொட்டி நகரின் எல்லைக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடத்தப்பட்டது. அந்தப் புல்வெளிக்கு மணமகளின் பெயரே நிலைத்துவிட்டது. பந்தயம் மறைந்து பியர் நிலைத்தது வேறு கதை. இன்று செப்ரெம்பர் மாதத்தின் பிற்பகுதியிற் சனிக்கிழமையொன்றில், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, நகர மேயர் முதலாவது பீப்பாயைத் தட்டித் திறக்கிறார். மியூனிச் நகரின் ஆறு மதுவடிசாலைகள் மட்டுமே அங்கு பியர் விற்கலாம். ஒரு குவளை என்பது ஒரு லீற்றர். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாவினால் நின்றுபோன விழாவுக்கு 2023இல் ஏறத்தாழ 72 இலட்சம் பேர் வந்தார்கள். மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2009ஆம் ஆண்டு. ஸ்ருட்கார்ட் நகருக்கு அண்மையில் உள்ள ஒரு தொழிற்சாலையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். உலகப் பொருளாதார நெருக்கடியினால் எங்களுக்கு வேலை நேரம் குறைக்கப்பட்டிருந்தது. கையில் நேரம் இருந்தது; மனதிற் பயம் இருந்தது. "இந்த வருடமாவது எல்லோரும் சேர்ந்து மியூனிச்சுக்குப் போவோம்" என்று சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் தொடங்கினார். பத்துப் பேர் சேர்ந்தோம். பத்து என்பது தற்செயலான எண் அல்ல. கூடாரங்களில் உள்ள நீண்ட மேசைகள் பத்துப் பேருக்கானவை. மேசையை முழுதாகத்தான் முன்பதிவு செய்யலாம்.

முன்பதிவுக்கென்று கட்டணம் இல்லை. ஆனால் ஆளுக்கு இரண்டு குவளை பியர், வாட்டிய அரைக்கோழி என்று கணக்கிட்டு, அதற்குரிய கூப்பன்களை முன்கூட்டியே வாங்கிவிடவேண்டும். கூப்பன் என்றதும் எனக்குச் சங்கக்கடை வரிசைதான் நினைவுக்கு வந்தது. அங்கே இல்லாதவனுக்குக் கூப்பன். இங்கே இருப்பவனுக்குக் கூப்பன்.

பயணத்துக்கு வார இறுதிச் சீட்டு இருந்தது. ஒரே சீட்டில் ஐந்து பேர் உள்ளூர் ரயில்களிற் பயணம் செய்யலாம். ஆகவே பத்துப் பேருக்கு இரண்டு சீட்டு. விழாக் காலத்தில் அந்த நகரில் அறை வாடகை மலையேறிவிடும் என்பதால், இரவோடு இரவாகத் திரும்புவதென்று முடிவாயிற்று. எல்லாம் பத்தால் வகுபடும் கணக்கு. கணக்குப்பிள்ளை வேலை என் தலையில் விழுந்தது. "நீ ஒரு சதம் தவறவிடமாட்டாய்" என்று நண்பர்கள் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஒன்பது பேர் பணம் தந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் தரவில்லை. கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவர், எங்களுள் மூத்தவர், நான் புதிதாக வந்த நாட்களில் மொழி தெரியாமல் விழித்தபோது பொறுமையோடு கற்றுத் தந்தவர். "அடுத்த வாரம்" என்றார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெயர்ப் பட்டியலை எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டினேன். பணம் தந்தவர்களின் பெயருக்கு எதிரே நீல மையிற் சரி போட்டேன். அவருடைய பெயருக்கு எதிரே சிவப்பு மையிற் கேள்விக்குறி போட்டேன். மறுநாள் அவர் என்னிடம் வந்து, தாயாருக்குச் சுகமில்லை, தன்னால் வரமுடியாது என்றார். அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தோம். கணக்கு நேராயிற்று.

ஒக்ரோபர் 3ஆம் திகதி, சனிக்கிழமை, போய்வந்தோம். வாங்கின்மேல் ஏறி நின்று, அறியாத மனிதர்களின் தோளிற் கைபோட்டுப் பாடினோம். திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அவருடைய இயந்திரம் துணியால் மூடப்பட்டிருந்தது. அவர் எங்களைப் போல் நிரந்தர ஊழியர் அல்லர். ஆள் வழங்கும் நிறுவனமொன்றின் ஊடாக வந்தவர். செப்ரெம்பரோடு வேலை முடிகிறது என்று அவருக்கு மே மாதத்திலேயே சொல்லிவிட்டார்களாம். எங்கள் மேற்பார்வையாளர் மூலம் அறிந்தோம். தாயார் காலமாகிப் பல வருடங்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

நேயர்களே, இனி நாடகத்துக்கு வருகிறேன். 2011இல் அதை மேடையிற் பார்த்தேன். பெயர் "கஸிமிரும் கரோலினும்". எழுதியவர் ஓடோன் வொன் ஹோர்வாத். 1901இற் பிறந்தவர். நாஜிகளின் ஆட்சியில் ஜேர்மனியை விட்டு வெளியேறி, 1938இற் பாரிஸ் நகரிற் புயலில் முறிந்த மரக்கிளை விழுந்து இறந்தவர். நாடகம் முதன்முதலில் 1932இல் லைப்சிக் நகரில் மேடையேறியது. ஜேர்மனியில் வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தை எட்டிய காலம் அது.

கதை மிக எளியது. கஸிமிர் ஒரு சாரதி. விழாவுக்கு முதல் நாள் அவனுக்கு வேலை போய்விட்டது. அவனும் அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட கரோலினும் விழாவுக்கு வருகிறார்கள். வானத்திற் செப்பலின் ஆகாயக் கப்பல் மிதந்து செல்கிறது. கூட்டம் அண்ணாந்து பார்த்து ஆரவாரிக்கிறது. கஸிமிருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கரோலினுக்குப் பார்க்கவேண்டும், பனிக்கூழ் சாப்பிடவேண்டும், இராட்டினத்தில் ஏறவேண்டும். வேலையற்றவனை இவள் இனி மதிக்கமாட்டாள் என்று அவன் தானாகவே முடிவு செய்து வார்த்தையை விடுகிறான். அவள் வேறொருவனோடு நடக்கிறாள். இரவு முடிவதற்குள் இருவரும் இரு திசையிற் போய்விடுகிறார்கள்.

இதில் வில்லன் என்று எவரும் இல்லை என்பதே நாடகத்தின் சிறப்பு எனலாம். கரோலின் கொடியவள் அல்லள். ஒரு மாலைப்பொழுது மகிழ்ந்திருக்க ஆசைப்பட்டவள், அவ்வளவுதான். வாசலிற் கஸிமிரை எவரும் தடுக்கவில்லை. ஆயினும் உள்ளே ஒவ்வொரு அடியிலும் அவனுடைய சட்டைப்பை அவனுக்கு முன்னால் நடக்கிறது. வேலையின்மையை விழா உண்டாக்குவதில்லை. நாலுபேர் நடுவே நிறுத்திக் காட்டிவிடுகிறது. முதலாளித்துவத்தின் மீதான கண்டனம் என்று இந்நாடகத்தை விமர்சகர் சொல்வதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று இருட்டில் அமர்ந்திருந்த எனக்கு மேடையிற் செப்பலின் தெரியவில்லை. சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறிதான் தெரிந்தது.

முகவரி தேடி அவருக்குக் கடிதம் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று முறை எழுதி மூன்று முறையும் வெட்டினேன். கடைசியில், 2012 விழாவுக்கு வாருங்கள், வார நாளில் நண்பகலிற் போவோம் என்று மட்டும் எழுதினேன். கூடாரங்களில் ஒரு பகுதி இடம் முன்பதிவு இல்லாமல் விடப்பட்டிருக்கும். வார நாள் நண்பகலில் அங்கு இடம் பிடிப்பது அவ்வளவு கடினமல்ல. கூப்பன் வேண்டாம், பட்டியல் வேண்டாம். விரும்பியவர் விரும்பியதை வாங்கலாம். ஒன்றும் வாங்காமல் மைதானத்தைச் சுற்றியும் வரலாம். இந்த வழி 2009இலும் இருந்தது. ஒருவரும் யோசிக்கவில்லை, கணக்குப்பிள்ளையும் யோசிக்கவில்லை.

அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. சிறிய பட்டறையொன்றில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பரிசாரகப் பெண் குவளைகளைக் கொண்டுவந்து வைத்தபோது நான் பணப்பையைத் தேடினேன். அதற்குள் அவர் இருவருக்குமாகக் காசைக் கொடுத்துவிட்டார்.

நாமும் நண்பர்களோடு கூடிப் பயணங்கள் திட்டமிடுகிறோம். தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறோம். "அடுத்த வாரம்" என்று சொல்பவர் நம் நடுவிலும் ஒருவர் இருப்பார். பட்டியலை ஒட்டுவதற்கு முன் அவரோடு தனியே ஒரு தேநீர் அருந்துங்கள். எனக்கு அதைச் சொல்லித்தர ஒரு நாடகம் வேண்டியிருந்தது.