கோபத்துக்கும் இடம் தரும் படக்கதை

வேறு நாட்டிலிருந்து தத்தெடுத்த குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது? பல படக்கதைகள் "நீதான் எங்கள் செல்லம்" என்பதோடு நின்றுவிடும். அமெரிக்காவில் ஆலன் சே எழுதி வரைந்த 'ஆலிசன்' (1997) அப்படியல்ல. பாட்டி அனுப்பிய கிமோனோவைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிறாள் சிறுமி. முகம் அப்பா அம்மா போல இல்லை. தன் பொம்மை மாதிரி இருக்கிறது! விஷயம் தெரிந்ததும் அப்பாவின் பழைய பேஸ்பால் கையுறையையும் அம்மாவின் சிறுவயது பொம்மையையும் நாசமாக்குகிறாள். பிறகு ஒரு பூனை வந்து மனம் மாறுகிறது. அது கொஞ்சம் சுலபமான முடிவுதான். ஆனாலும் வாங்குங்கள். படித்துக்காட்டும்போது அந்தக் கோபப் பக்கத்தை மட்டும் அவசரமாகப் புரட்டாதீர்கள். குழந்தை கேட்பதைக் கேட்கட்டும். லிப்டில் "பாப்பா யார் ஜாடை?" என்று விசாரிக்கும் நாமும் ஒருமுறை படிக்கலாம்.